சூப்பர்வைசருக்கு முப்பத்திரண்டு டிகிரி

எங்கள் கம்பெனியில் மணிமேகலையின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் கையெழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஓசூர் சிப்காட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. மோதிரம் அளவுக்குப் பித்தளை வளையங்கள் மெஷினிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருக்கும். கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்து, மணிக்கு ஐந்து வளையம் எடுத்து அளந்து, செக் ஷீட்டில் அளவை எழுதி, ஓகே போட்டுக் கையெழுத்து வைப்பது அவள் வேலை. ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், எட்டுக் கட்டம். பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறாள்.

அவளுக்கு அந்த வேலையைப் பழக்கியவள் நான். இன்னொன்றையும் பழக்கினேன். வந்த புதிதில் அவள் மணிக்கு மணி எழுந்துபோய் வளையம் எடுத்து வருவதைப் பார்க்க எனக்கே கால் வலிக்கும். "ஏண்டி மேகலை, மெஷினு என்ன மணிக்கு ஒரு தரம் மனசு மாறுமா? காலையில ஒரு தரம் அளந்து பாரு. எட்டுக் கட்டத்தையும் அப்பவே ரொப்பிரு. ஆடிட்டுக்கு வர்றவனுக்குக் காலிக் கட்டம் இருந்தாத்தான் கண்ணு போவும், ரொம்பியிருந்தா பக்கத்தத் திருப்பிட்டுப் போயிருவான்" என்றேன். ஒரு வருடம் மாட்டேன் என்றாள். பிறகு பழகிக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தான். அதனால் எந்த வண்டியும் எங்கேயும் நின்றுபோனதாக நான் கேள்விப்படவில்லை. என் பங்கு இதில் இருப்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சின்ன எலசகிரியில் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். கீழே நான், மாடியில் மேகலை, அவள் வீட்டுக்காரர் கோவிந்தப்பன், மகன் தமிழரசன். பக்கத்து வீட்டில் எங்கள் வீட்டுக்கார அம்மா சாந்தம்மா. ஊத்தங்கரைப் பக்கம் கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்த குடும்பம் மேகலையுடையது. மழை ஏமாற்றிய வருடம் ஒன்றில் இங்கே வந்தார்கள். அவருக்குச் செக்யூரிட்டி வேலை, இவளுக்குச் சோதனை மேசை. பையன் டிப்ளமோ முடித்து பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். தினமும் பைக்கில் எல்லை தாண்டிப் போய் வருவான்.

அந்தத் தமிழரசன்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பல்லியைக் கொண்டுவந்தான். ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தடித்த வால். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. சுவரில் ஏறத் தெரியாது, தரையில்தான் நடக்கும். லெப்பர்ட் கெக்கோ என்று பெயர் சொன்னான். நாங்கள் வீட்டுக்குள் பல்லியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுகிற ஆட்கள். அவன் கண்ணாடித் தொட்டி, அடியில் போட மின்சாரச் சூட்டுப் பாய், சூடு காட்டும் சின்ன மீட்டர், தின்னப் புழு என்று சீர்வரிசை மாதிரி இறக்கினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாந்தம்மா தெலுங்குக்காரர், காலண்டரை விட்டு ஓர் அடி எடுத்து வைக்காதவர். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சடித்திருப்பார்களே, தலைக்குக் கலகம், வயிற்றுக்குத் தானியம் என்று, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

"ஏம்பா, பல்லி மேல விழுந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வெளக்குப் போடணும். நீ கையிலயே வெச்சிட்டிருக்கற. நாளெல்லாம் கொழாயடியிலயே நிப்பியா?"

"இது விழலீங்க ஆன்ட்டி, நானா எடுத்து வெச்சுக்கறேன். விழுந்தாத்தானே பலன்" என்றான் அவன்.

சாந்தம்மா காலண்டர் அட்டையோடு கீழே இறங்கினார். அன்றிலிருந்து அவரே அடிக்கடி வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பார். அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். "ஒரு எடத்துல உக்காந்து எல்லாரையும் மொறைச்சுப் பாக்குது, ஒரு வேலையும் செய்யறதில்ல, நேரத்துக்குச் சோறு வந்துருது. வேற என்னா பேரு வெக்கறது?" என்பான். மேகலை அப்போதெல்லாம் சிரிப்பாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள்.

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்து பத்தாம் நாள், அத்திப்பள்ளி தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் அவன் வண்டி மோதியது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே உயிர் இல்லை. இருபத்திரண்டு வயது.

அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது? ஊத்தங்கரைக்குக் கொண்டுபோனார்கள், அடக்கம் செய்தார்கள், காரியம் முடித்தார்கள். பதினேழாம் நாள் காலை ஐந்தேகாலுக்கு நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்தபோது மேகலை யூனிபார்ம் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தாள். பஸ்ஸில் எப்போதும் போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சோதனை மேசைக்குப் போனாள். எட்டுக் கட்டத்தையும் ரொப்பினாள்.

அவள் அழவில்லை. ஊரில் பிணத்தின் முன்னால்கூட அழவில்லை என்று கம்பெனி லைனில் பேசிக்கொண்டார்கள். கல்லு மாதிரி இருக்காளே என்றார்கள். எனக்கும் அவள்மீது கோபம் வந்தது, அதை மறைப்பானேன். நான் தூக்கி வளர்த்த பையன் இல்லைதான், ஆனாலும் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் தட்டில் தயிர்சாதம் போட்டு, ஊறுகாய் தொட்டு, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறாள். பேசினால் பதில் சொல்வாள். கேட்டால் தருவாள். நல்லாருக்கியா என்றால் நல்லாருக்கேங்கக்கா என்பாள்.

கோவிந்தப்பனால் இங்கே இருக்க முடியவில்லை. மாடிப்படியில் பையனின் ஹெல்மெட் மாட்டியிருந்த ஆணியைத் தாண்டி அவரால் ஏற முடியாது. இரண்டாம் மாதமே வேலையை விட்டு ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். "வந்துரு மேகல. அந்த ஜந்துவ வாங்கின எடத்துலயே குடுத்துட்டு வந்துரு" என்பார். அவள் வருகிறேன் என்றும் சொல்ல மாட்டாள், வரவில்லை என்றும் சொல்ல மாட்டாள்.

அந்த ஜந்துவுக்காகத்தான் அவள் இங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டேன். "அவன் விட்டுட்டுப் போனதுல பசிக்கிறது இது ஒண்ணுதானுங்கக்கா" என்றாள். பைக் போய்விட்டது. சட்டைகள் பீரோவில் இருந்தன, அவை எதையும் கேட்பதில்லை. இது இருபது வருடம் வரை உயிரோடு இருக்குமாம். அதுவரை இதற்குச் சோறு போட்டாக வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் அவளைக் காலையில் எழுப்புவதாக எனக்குத் தெரியவில்லை.

பையன் ஒரு வாரம் பயிற்சிக்காகப் புனே போனபோது அம்மாவுக்காக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. சூடு 32. ஒருநாள் விட்டு ஒருநாள் புழு ஆறு, கால்சியம் பொடியில் புரட்டி. தண்ணீர் தினமும். தோல் உரிக்க ஈரப் பெட்டி, காயக் கூடாது. கையில் எடுக்கும்போது வாலைப் பிடிக்காதே, கழன்றுவிடும்.

மேகலை அதைப் பார்த்து ஒரு செக் ஷீட் தயார் செய்தாள். கம்பெனி ஷீட்டைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தேதி, சூடு, புழு, தண்ணீர், ஈரப் பெட்டி, கையெழுத்து. மாதத்துக்கு ஒரு தாள். தொட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டிப் பேனா தொங்கும். ஒரு டப்பாவில் கோதுமைத் தவிட்டைப் போட்டு, கேரட் துண்டு வைத்து, புழுவையும் அவளே வளர்த்தாள். நான் பார்த்துவிட்டு, "ஐஎஸ்ஓ சர்டிபிகேட் வாங்கிரலாம் போல" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

சித்திரை போனது, ஆடி போனது. ஒவ்வொரு நாளும் முப்பத்திரண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு, சரி, சரி, கையெழுத்து.

ஓசூர்க் குளிரைப் பற்றி மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மார்கழியில் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சோடு வாயிலிருந்து புகை வரும். அப்படியொரு மார்கழியில், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஷிப்ட் முடிந்து வந்து என் போன் சார்ஜர் வேலை செய்யாததால் அவளுடையதைக் கேட்க மாடிக்குப் போனேன். மேகலை கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சார்ஜர் பையனின் அறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சார்ஜரை எடுக்கப் போனவள் தொட்டியைப் பார்த்தேன். சூப்பர்வைசர் ஒரு மூலையில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கண் மூடியிருந்தது. அதன் வால் பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. இதற்கு உடம்புக் கொழுப்பெல்லாம் வாலில்தான் என்று பையன் சொல்லியிருக்கிறான், வால் குண்டாக இருந்தால்தான் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். புழு போடும் கிண்ணத்தைப் பார்த்தேன். அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஏழெட்டுக் கறுப்பு வண்டுகள் நடந்துகொண்டிருந்தன. அந்தப் புழு தின்னப்படாமல் பல வாரம் கிடந்தால்தான் கூடு கட்டி வண்டாகும். புழு வளர்க்கும் வீட்டில் மூன்று வருடமாக ஏறி இறங்குகிற எனக்கு அது தெரியும்.

"மேகலை, இது சாப்பிடறதில்லயாடி?"

"சாப்பிடுதுங்கக்கா. ஷீட்ல இருக்குது பாருங்க."

ஷீட்டைப் பார்த்தேன். முப்பத்திரண்டு, ஆறு, சரி, சரி, கையெழுத்து. நேற்று, இன்று. விரலை வைத்துக்கொண்டே போனேன். புதன். வியாழன். வெள்ளி. சனிக்கிழமை வரை ரொம்பியிருந்தது. அன்று செவ்வாய்.

தொட்டிக்கு அடியில் கையை விட்டேன். சூட்டுப் பாய் சில்லென்று இருந்தது. ஸ்விட்ச் போட்டிருந்தது, எரிந்துபோயிருக்க வேண்டும். மீட்டரில் பதினெட்டு காட்டியது. யாரும் பார்க்காத மீட்டர், அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஓடிப்போய் அவள் கையில் இருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "பாருடி. கண்ணத் தொறந்து பாரு. இது முப்பத்திரண்டா?" என்று கத்தினேன். அவள் மீட்டரைப் பார்த்தாள். வண்டுகளைப் பார்த்தாள். ஷீட்டை எடுத்து, பின்னால் இருந்த பழைய மாதத் தாள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாவற்றிலும் முப்பத்திரண்டு. அவள் கையெழுத்து.

"எந்த நாள்ல இருந்துனு தெரியலயேக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இந்த வித்தையை இவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே.

அலமாரிக் கதவில் அதை விற்றவருடைய நம்பரும் இருந்தது. மோகன்குமார், பொம்மசந்திரா. அவர் வீட்டிலேயே இப்படிப்பட்ட பிராணிகளை வளர்க்கிறவர். போன் போட்டேன், கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். உயிர் இருக்கா பாருங்க என்றார். தொட்டேன், கால் அசைந்தது. "சட்டுனு ஹீட்டர் கிட்ட வெக்காதீங்கம்மா, செத்துப்போவும். மெல்ல மெல்ல சூடாவணும். துணியில சுத்தி மேலோட வெச்சுக்கோங்க, மனுஷ ஒடம்புச் சூடு போதும். ரெண்டு நாளு புழு ஏதும் வேணாம், குளிர்ல ஜீரணம் ஆவாது. ஆனா அத நான் கண்ணால பாக்கணும். பாயி புதுசு எங்கிட்ட இருக்குது. இன்னைக்கே வர்றீங்களா?"

பொம்மசந்திராவுக்கு அத்திப்பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவள் ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை. நான் போய் வருகிறேன், நீ இரு என்றேன். அவள் பையனின் பழைய பனியனை எடுத்தாள். குனிந்து, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, வாலைத் தொடாமல் அதைத் தூக்கினாள். பனியனில் சுற்றி ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்து ஜிப்பைப் போட்டாள். இந்த ஒரு வருடத்தில் தொட்டி துடைக்கும்போது தவிர அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மார்பில் பல்லி விழுந்தால் சுகம் என்று சாந்தம்மாவின் காலண்டரில் படித்த ஞாபகம் எனக்கு வந்தது. விழவில்லைதான், நாமே எடுத்து வைத்துக்கொண்டதுதான். இருந்தாலும் வந்தது.

நாலு மணி பஸ். ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். ஜூஜூவாடியில் வண்டிகள் எறும்பு வரிசையில் நின்றன. எல்லை தாண்டியதும் கடைப் பலகைகளில் கன்னடம் வந்தது. நான் அவள் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்திப்பள்ளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள் பேசினாள்.

"அன்னிக்கு நமக்கு லீவு இல்லியா, வீட்டுல இருக்கறப்ப ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சுங்கக்கா. ஒரு பையனக் கொண்டாந்திருக்கோம், போனு ஒடைஞ்சிருச்சு, வண்டி நம்பர வெச்சு உங்க வீட்டுக்குக் கூப்புடறோம், உங்க பையன் காலையில என்னா கலரு சட்ட போட்டிருந்தான்னு கேட்டாங்க."

நான் முன்சீட்டுக் கம்பியை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"வான நீலம்னு சொன்னேன். அவன் போறப்ப நான் அடுப்புக்கிட்ட நின்னுட்டு இருந்தேன். போய்ட்டு வரேம்மான்னான். சரின்னேன். திரும்பிப் பாக்கல. தெனமும் அப்பிடித்தான். நீலச் சட்டதான் போடுவான்னு பாக்காமலே சொல்லிட்டேன். அந்தாளு, இல்லம்மா, இந்தப் பையன் போட்டிருக்கறது அது இல்ல, வண்டி வேற யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்களான்னு கேட்டான். ஆமாங்க, சிநேகிதங்க எடுத்துட்டுப் போவாங்கன்னேன். வெச்சிட்டான்."

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"அர மணி நேரம். நம்ம பையன் இல்லன்னு இருந்தேன். டீ போட்டுக் குடிச்சேன்க்கா. பாவம், எந்தப் பெத்தவளோன்னு நெனைச்சுக்கிட்டே, சக்கர போட்டு, முழு டம்ளரும் குடிச்சேன். அப்பறம் மொட்ட மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். நீலச் சட்ட கொடியில தொங்கிட்டு இருந்துச்சு. முந்தின நாளு தொவைச்சது. ஈரங்கூடக் காயல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் ஸ்வெட்டருக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. சந்தாபுரா வந்ததும், "அசையுதுங்கக்கா" என்றாள்.

மோகன்குமார் அதன் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை போட்டார். பாதி எடைதான் இருக்கிறது என்றார். பிழைக்குமா என்று நான் கேட்டேன். "பத்து நாளுக்குள்ள சாப்பிட்டா பொழைக்கும். இல்லன்னா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். தமிழரசனை அவருக்கு ஞாபகம் இருந்தது. எப்படி இருக்கிறான் என்று கேட்டார். மேகலை, "இல்லீங்க" என்றாள். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பாயைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

புதுப் பாய் போட்ட பிறகு மேகலை பழைய ஷீட்டுகளைக் கிழிக்கவில்லை. சனிக்கிழமை வரை எழுதி வைத்திருந்ததை மட்டும் கோடு போட்டு அடித்தாள். புதிதாக ஒரு தாள். அதில் இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்று என்று எண்கள் தாறுமாறாக வந்தன. புழு என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கம்பெனியிலும் அவள் மணிக்கு மணி எழுந்து போய் வளையம் எடுத்து அளக்க ஆரம்பித்தாள். லைனில் எல்லாருக்கும் எரிச்சல். இவள் ஒருத்தி எழுந்து போனால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடுகிறதே. நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் ஆனது, பதினைந்து ஆனது. அது சாப்பிடவில்லை. கண்ணைத் திறக்கும், தண்ணீரை நக்கும், புழுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வால் அப்படியே இருந்தது. மேகலை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு புழு வைப்பாள், காலையில் எண்ணுவாள், ஆறு இருக்கும், எடுத்துவிடுவாள், பூஜ்யம் எழுதுவாள்.

இதற்குள் தை பிறந்து, பையனின் முதல் வருடப் படையல் வந்தது. அவர்கள் பக்கத்தில் படத்துக்கு முன்னால் புதுத் துணி வைத்துப் படைப்பார்கள். வேட்டி, சட்டை, துண்டு. துணிக்கடைக்கு நான்தான் கூடப் போனேன். கடைக்காரப் பெண் ஐந்தாறு சட்டைகளை விரித்துப் போட்டாள். மேகலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கால் மணி நேரம் நின்றாள். "ஊர்ல பாத்துக்கலாங்கக்கா" என்று வெளியே வந்துவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது தொட்டியை என்னிடம் ஒப்படைத்தாள். மூன்று நாள். பேனாக் கயிற்றைக் காட்டினாள்.

முதல் நாள் ஆறு புழு வைத்து, ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். இரண்டாம் நாள் படையல். எனக்கு அன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் உடம்பெல்லாம் வலி. மாடிக்கு ஏறினேன். ஷீட்டுக்கு முன்னால் நின்று பேனாவை எடுத்துவிட்டேன். சூடு என்ற கட்டத்தில் முப்பத்து என்று எழுதப் போய்விட்டேன், தலையைத் திருப்பாமலே. கை அப்படிப் பழகியிருக்கிறது. இருபது வருடப் பழக்கம். பேனாவை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து தொட்டிக்குள் பார்த்தேன். மீட்டரில் முப்பத்தொன்று. கிண்ணத்தில் புழு எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். கிண்ணத்துத் தவிட்டைக் கிளறினேன், கல்லைத் தூக்கினேன், ஈரப் பெட்டிக்குள் பார்த்தேன். நாலுதான்.

மேகலைக்குப் போன் போட்டேன். பின்னால் படையலுக்கு வந்தவர்களின் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டது.

"மேகலை, ரெண்டு புழுவச் சாப்பிட்டிருச்சுடி."

 அவள் பேச்சுச் சத்தத்தை விட்டு வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், காற்று அடிப்பது கேட்டது.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருக்குது? பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடி சொன்னேன். மஞ்சளா இருக்குது. முதுகுல கறுப்புப் புள்ளி, கழுத்துக்கிட்ட நெருக்கமா, நடுவுல தள்ளித் தள்ளி. வயிறு வெள்ள. வால்ல ரெண்டு வெள்ளப் பட்ட. இடது கண்ணுக்கு மேல உரிஞ்ச தோலு கொஞ்சம் ஒட்டிட்டு இருக்குது. மூக்கு நுனியில தவிடு. இப்ப என்னப் பாக்குது. இப்ப நாக்க நீட்டிக் கண்ண நக்குது.

நான் சொல்லி முடித்தேன். மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அழுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. சத்தமே வராமல் அழுதாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னாள். "சட்ட வெக்கலங்கக்கா. வேட்டியும் துண்டும் மட்டும் வெச்சுப் படைச்சிட்டோம். அவரு கேட்டாரு, ஏன் சட்ட வாங்கலனு. என்னா கலருனு தெரியாம எப்பிடிங்கக்கா வாங்கறது?"

அவன் அன்று போட்டிருந்த துணியை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் கட்டிக் கொடுத்ததைக் கோவிந்தப்பன் பிரிக்காமலே கொளுத்திவிட்டார். பார்த்தவர்கள் யாரும் இங்கே இல்லை. அன்று காலை அவன் என்னையும் தாண்டித்தான் கேட்டைத் திறந்துகொண்டு போனான். போய்ட்டு வரேன் அத்த என்றான். நான் வாசலில் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே சரி என்றேன்.

அதை நான் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ஷீட்டில் முப்பத்தொன்று என்று எழுதினேன். புழு என்ற கட்டத்தில் இரண்டு. கீழே என் கையெழுத்து.